ஹேஷ் அண்ணனும் முப்பத்தெட்டுக் கருப்புப் பட்டும்

உலகத்தில் மொத்தம் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்து எழுபத்தேழாயிரத்து இருநூற்றுப் பதினாறு நிறங்கள் உண்டு என்று தினம் ஒரு முறையாவது சொல்லாமல் டீ கிளாஸைத் தொடாத மனிதர், எனக்குத் தெரிந்து மதுரையில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் ஹேஷ் அண்ணன். இந்த எண்ணிக்கையை மூச்சு வாங்காமல் சொல்வார். அவசரமாக ஆட்டோ பிடிக்கும்போது கேட்டாலும் அந்தக் கடைசிப் பதினாறைக் குறைக்க மாட்டார்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஒரு நாள் அந்தப் பெயருக்குக் கூரியர் வந்தது. அப்படி யாரும் இங்கே இல்லை என்று நானே எழுதிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். அவர் அடுத்த நாற்காலியில்தான் இருந்தார். அவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கூரியர்காரர் மாடிப்படி இறங்கிய பிறகுதான், “தங்கச்சி, அது நான்தான்னு நெனைக்கிறேன்” என்றார்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்த காலம். சிம்மக்கல்லில் ஒரு நோட்டு பைண்டிங் கடைக்கு மேல்மாடியில், இணையதளம் செய்து கொடுக்கும் ஆபீஸ் ஒன்றில் நான் டிசைனர். விளாங்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போவேன். ஆபீஸ் என்றால் மூன்றே பேர். நான், ஹேஷ் அண்ணன், எங்கள் முதலாளி. முதலாளியை நாங்கள் சார் என்போம். அவருக்குக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணத் தெரியும். ஆஃப் பண்ண எங்களைக் கூப்பிடுவார்.

கம்ப்யூட்டருக்கு ஒரு நிறத்தைச் சொல்ல வேண்டுமென்றால் # என்று ஒரு குறி போட்டு, பின்னால் ஆறு எழுத்து எழுத வேண்டும். பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண்கள், அது போதாமல் ஏ முதல் எஃப் வரை எழுத்துகள். அந்தக் குறிக்குப் பெயர் ஹேஷ். அண்ணன் எந்த நிறத்தைச் சொன்னாலும் அதை வைத்துத்தான் ஆரம்பிப்பார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்குப் பாடம் நடந்தது.

“மூணு தொட்டின்னு வச்சுக்க தங்கச்சி. மொதத் தொட்டி செவப்பு, நடுத் தொட்டி பச்சை, கடைசி நீலம். தொட்டிக்கு ரெண்டு எழுத்து. ஜீரோ ஜீரோன்னா தொட்டி காலி. எஃப் எஃப்னா வழிய வழிய. எம்புட்டு ஊத்துறோமோ அம்புட்டுக் கலரு.”

தொட்டிக் கணக்கு அவருக்கு வீட்டிலிருந்து வந்தது. சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் சௌராஷ்டிரக் குடும்பம். மூன்று தொட்டியும் வழிந்தால் வெள்ளை வரும் என்று இவர் ஒரு நாள் வீட்டில் சொல்லப்போக, அவருடைய அப்பா பேசாமல் எழுந்து போய் மூன்று சாயத்தையும் ஒரு வாளியில் கலந்து கொண்டுவந்து முன்னால் வைத்தாராம். வாளியில் இருந்தது சாக்கடை நிறம். இது வெளிச்சத்துக்கான கணக்கு என்று இவர் விளக்கியிருக்கிறார். அப்படியானால் அந்த வெளிச்சத்தில் நாலு சேலையை நனைத்துக் காட்டு என்று அப்பா கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு வீட்டில் இந்தப் பேச்சு எடுக்கப்படவில்லை.

எங்கள் தெருமுனை டீ மாஸ்டரையும் அவர் விடவில்லை. ஒரு நாள் டீயின் நிறம் சரியில்லை என்று தோன்றிவிட்டது.

“மாஸ்டர், டீன்னா ஹேஷ் பி அஞ்சு ஆறு அஞ்சு ஒண்ணு டி இருக்கணும்” என்றார்.

மாஸ்டர் ஆற்றிக்கொண்டே ரோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, “அந்த வண்டி இங்க நிக்கலையேண்ணே” என்றார்.

அண்ணனுக்கு மவுஸ் ஆகாது. அதைக் கழற்றி மானிட்டர் தலையில் உட்கார வைத்திருப்பார். எல்லா வேலையும் கருப்புத் திரையில் கட்டளை அடித்துத்தான். ஆயுத பூஜைக்கு நாங்கள் கீபோர்டு முழுக்கச் சந்தனம் தெளித்தால், அவர் பூஜ்யம் முதல் ஒன்பது, ஏ முதல் எஃப் என்று பதினாறு விசைகளுக்கு மட்டும் பார்த்துப் பார்த்துப் பொட்டு வைப்பார். மற்ற எழுத்துகள் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவை என்பது அவர் கருத்து. சந்தனத்துக்கு மேல் குங்குமம் வைக்க மட்டும் என்னைக் கூப்பிடுவார். மரியாதைக்காக என்று நினைத்துக்கொள்வேன்.

அவர் எழுதிய ஒரு புரோகிராம் உண்டு. அதன் பெயர் ‘நிறம்’. கருப்புத் திரையில் அந்தப் பெயரை அடித்து, ஒரு இடைவெளி விட்டு, ஆறெழுத்தைக் கொடுத்தால் அந்த நிறத்துக்கு நம்மூர்ப் பெயரைச் சொல்லும். அரக்கு, கிளிப்பச்சை, மயில் கழுத்து, வெங்காயச் சருகு என்று இங்கிலீஷ் எழுத்தில் வந்து நிற்கும். தப்பாக அடித்தால்தான் வேடிக்கை. ஐந்து எழுத்து அடித்தால், “ஒண்ணு கொறையுது, தேடி எடுத்துட்டு வாங்க” என்று வரும். ஏழு அடித்தால், “ஒண்ணு கூட இருக்கு, யாரோடது?” என்று கேட்கும். தெரியாமல் ஜி என்ற எழுத்தை அடித்துவிட்டால், “இது யாரு வீட்டு எழுத்து?” என்று வரும். ஒரு முறை சாரே உட்கார்ந்து தன்னுடைய செல்போன் நம்பரை அடித்துப் பார்த்தார். புரோகிராம் அவரிடம், “நிதானத்துலதான் இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டது. அன்றிலிருந்து சாருக்கு அண்ணன் மேல் ஒரு கண்.

அந்த நிறப் பெயர்களைத் திரட்டியது தனிக் கதை. ஆரம்பத்தில் அண்ணனே நோட்டும் கையுமாகப் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றிருக்கிறார். பஸ்ஸுக்கு நின்ற ஒரு அம்மாவிடம், “அக்கா, இந்தச் சேலை கலருக்கு என்ன பேரு சொல்வீங்க?” என்று பணிவாகக் கேட்டிருக்கிறார். அந்த அம்மா சேலையை விட்டுவிட்டு அண்ணனுக்கு நாலைந்து பெயர் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்த வேலை என் தலையில் விழுந்தது. பஸ்ஸில், கல்யாண வீட்டில், கோயில் வரிசையில் நான் பெயர் கேட்டு வருவேன். எந்தப் பெயருக்கு எந்த ஆறெழுத்து என்று திரையில் பொருத்திப் பார்த்துச் சொல்வதும் நானே. அவர் எழுதிக்கொள்வார். இவ்வளவு தெரிந்த மனிதர் ஏன் எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு வேலை கற்றுக்கொடுக்கிறார் என்று பெருமையாகக்கூட இருந்தது.

அவருடைய மற்ற கிறுக்குகளையும் சொல்லிவிடுகிறேன். வருஷம் முழுக்க வெள்ளைச் சட்டைதான். கேட்டால், அதிலேயே எல்லா நிறமும் அடக்கம் என்பார். கோரிப்பாளையம் சிக்னலில் வண்டி நிறுத்தினால், பக்கத்து வண்டி நகர்ந்த பிறகுதான் இவர் வண்டி நகரும். தக்காளி வாங்கிவரச் சொன்னால் பாதி காயாக இருக்கும். இவரைக் கடைக்காரர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று நானும் சாரும் சிரித்துக்கொள்வோம்.

இப்படி இருக்கும்போதுதான் தெற்கு மாசி வீதியிலிருந்து ஒரு ஜவுளிக்கடை அண்ணாச்சி வந்தார். தன் கடைச் சேலைகளை அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும் என்றார். அந்த நாளில் டெலிபோன் வயரில் கூவிக்கொண்டு வரும் இணையத்தில் ஒரு சேலைப் படம் இறங்குவதற்குள் காப்பி போட்டுக் குடித்துவிடலாம். அதனால் படத்துக்குப் பதில், சேலையின் நிறத்தில் ஒரு சின்னக் கட்டம், கீழே பெயர் என்று செய்யலாம் என்று அண்ணன் யோசனை சொன்னார். சேலைகளைப் பார்த்து நான் பட்டியல் எழுத வேண்டும். அவருடைய ‘நிறம்’ அந்தப் பட்டியலைப் படித்துப் பக்கங்களைச் செய்துவிடும்.

சார் சம்மதித்தார். ஆனால் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். திருவாதவூர் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் டோக்கன் போடும் புரோகிராமுக்கு அங்கேயே உட்கார்ந்திருக்க ஒரு ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தச் சேலை வேலை சொதப்பினால் அண்ணன் நிரந்தரமாக அந்த மில்லுக்குப் போக வேண்டியதுதான். அண்ணன் வெளியே வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

“அங்க அரிசியும் தவிடுந்தான் தங்கச்சி. ரெண்டே கலரு” என்றார்.

நான் ஒரு வாரம் அண்ணாச்சி கடையில் உட்கார்ந்து அலமாரி அலமாரியாக எழுதினேன். நானூறு சேலைக்கு மேல். கடைசி அலமாரி முகூர்த்தப் பட்டு. முப்பத்தெட்டுச் சேலை, முப்பத்தெட்டும் சிவப்பு வகை. எழுதி எழுதிக் கை விட்டுப்போயிருந்தது. இரட்டை இரட்டையாக வரும் எழுத்துகளைச் சுருக்கி மூன்றெழுத்தாக எழுதலாம் என்று எங்கேயோ படித்திருந்தேன். #cc0000 என்பதை #c00 என்று எழுதினால் போதும். முழு அலமாரியையும் அப்படியே சுருக்கி எழுதிக்கொண்டு ஆபீஸுக்கு வந்தேன்.

‘நிறம்’ அதைப் படித்துவிட்டு, “மூணு கொறையுது, தேடி எடுத்துட்டு வாங்க” என்று முப்பத்தெட்டு முறை சொன்னது. எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்கள் புரோகிராமுக்கு வாய் நீளம், என்னால் இனி ஒரு எழுத்துகூடத் தேட முடியாது என்று அண்ணனிடம் சண்டை போட்டேன். ஆறெழுத்து விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனிதர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். அப்புறம் விரலைச் சொடுக்கிக்கொண்டு நாலு வரி எழுதினார்.

“போ. உனக்காக மூணெழுத்தையும் ஏத்துக்கச் சொல்லிட்டேன்.”

புரோகிராம் சத்தமில்லாமல் ஓடி முடிந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால், முகூர்த்தப் பட்டுப் பக்கத்தை நீங்களே ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மறுநாள் கேட்டபோது, பார்த்தேன், நல்ல சிவப்பு என்றார்.

திறப்பு விழாவுக்கு அண்ணாச்சி நல்ல நேரம் பார்த்திருந்தார். ஆபீஸ் கம்ப்யூட்டரையே ஆட்டோவில் கடைக்குக் கொண்டுபோனோம். மானிட்டர் அண்ணன் மடியில், சிபியு என் மடியில், சார் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் பாதி உட்கார்ந்தும் பாதி தொங்கிக்கொண்டும் வந்தார். கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு, மானிட்டருக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, சூடம் காட்டினார்கள். அண்ணாச்சியின் வீட்டம்மா சூடத்தைத் தொட்டு ஒற்றிக்கொண்டு முன்வரிசையில் வந்து நின்றார். ராகு காலம் தொடங்க அரை மணி இருந்தது.

அண்ணாச்சி ஒரு விரலால் மவுஸை அழுத்தினார். சுங்குடிப் பக்கம் வந்தது. மஞ்சள், பச்சை, கத்தரிப்பூ என்று கட்டம் கட்டமாக வந்ததும் கூட்டம் கை தட்டியது. கைத்தறிப் பக்கம் வந்தது, அதற்கும் தட்டினார்கள். அடுத்து முகூர்த்தப் பட்டைக் காட்டுங்கள் என்று வீட்டம்மா கேட்டார். அண்ணாச்சி அழுத்தினார்.

முப்பத்தெட்டுக் கட்டமும் வந்தன. முப்பத்தெட்டும் கன்னங்கரேல் என்று இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே ‘குங்குமச் சிவப்பு’, ‘அரக்கு’, ‘மாதுளை’ என்று நான் கொடுத்த பெயர்கள் வரிசையாக நின்றன.

வீட்டம்மாதான் முதலில் வாய் திறந்தார். “இது கல்யாணத்துக்குக் கட்டுறதா, காரியத்துக்குக் கட்டுறதா?”

சாருக்கு வேர்த்துவிட்டது. அண்ணாச்சி அவரை முறைத்துக்கொண்டிருந்தார். சூடம் காட்டிய தட்டை யாரோ அவசரமாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். அப்போது ஹேஷ் அண்ணன் முன்னால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, திரையை ஒரு முறை நன்றாகப் பார்த்தார்.

“அக்கா, நல்லாப் பாருங்க. செவப்பாத்தான இருக்கு?” என்றார்.

அண்ணாச்சி நிதானமாகக் கேட்டார்: “எங்களையெல்லாம் என்ன, கண்ணு தெரியாதவங்கன்னு நெனச்சீங்களா தம்பி?”

நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை, சமாளிப்பும் இல்லை. முப்பத்தெட்டுச் சிவப்புப் பட்டைப் பார்க்கிற மனிதரின் முகம்தான் அது. இவ்வளவு தெளிவாக இருப்பதை இவர்கள் ஏன் கருப்பு என்கிறார்கள் என்று உண்மையாகவே குழம்பிப்போயிருந்தார். எனக்கு அந்த ஒரு நொடியில் கோரிப்பாளையம் சிக்னல், பாதிக் காயான தக்காளி, வெள்ளைச் சட்டை, குங்குமம் வைக்க என்னைக் கூப்பிட்டது எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. இத்தனை நாள் சிரித்ததை நினைத்து வெட்கமாக இருந்தது.

“தப்பு என்னோடதுதான் அண்ணாச்சி. நான்தான் சுருக்கி எழுதிட்டேன். பத்து நிமிஷம் குடுங்க” என்றேன்.

அண்ணாச்சி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ராகு காலத்துக்குள் சிவப்பு வராவிட்டால் கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிவிடுங்கள் என்று சாரிடம் சொல்லிவிட்டுத் தேங்காய்ச் சில்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

நான் அண்ணனை மேஜைக்கு இழுத்து உட்கார வைத்து, குனிந்து காதருகில் சொன்னேன். “அண்ணே, நெசமாவே கருப்பாத்தான் வந்திருக்கு.”

“நெசமாவா?”

“நெசமா.”

அவர் மவுஸை ஒதுக்கி வைத்துவிட்டு, கருப்புத் திரையைத் திறந்து, பக்கத்தின் உள்ளே எழுதியிருந்ததை வரி வரியாகப் படித்தார். #000c00 என்று இருந்தது. அடுத்தது #000900. அந்த எண்களைப் பார்த்த பிறகுதான் அவருக்குக் கருப்பு தெரிந்தது. முகம் சட்டென்று மாறிவிட்டது.

நடந்தது இதுதான். மூன்றெழுத்தை ஏற்கச் சொல்லி எனக்காக அவசரமாக எழுதிய நாலு வரியில், குறைகிற மூன்று இடத்துக்கும் முன்னால் பூஜ்யத்தை நிரப்பச் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் எண்ணுக்கு முன்னால் எத்தனை பூஜ்யம் போட்டாலும் மதிப்பு மாறாது என்று படித்தவர் அல்லவா. ஆனால் இங்கே முன்னால் இருப்பது சிவப்புத் தொட்டி. பூஜ்யம் அதில் போய் உட்கார்ந்ததும் அது காலியாகிவிட்டது. ஊற்ற வேண்டிய சிவப்பு, பச்சைத் தொட்டியின் அடியில் ஒரு கரண்டி அளவுக்குப் போய் விழுந்துவிட்டது.

“நெரப்பக் கூடாது தங்கச்சி. ஒவ்வொரு எழுத்தையும் ரெண்டு தடவ சொல்லணும்” என்று முணுமுணுத்துக்கொண்டே நாலு வரியை அழித்து இரண்டு வரி எழுதினார். ‘நிறம்’ மறுபடி ஓடியது. பக்கம் மாறியது. அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

அண்ணாச்சி மறுபடி ஒரு விரலால் அழுத்தினார். முப்பத்தெட்டுக் கட்டமும் சிவந்து வந்தன. வீட்டம்மா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், மூன்றாவது வரிசையில் இரண்டாவது கட்டத்தைத் தனக்கே எடுத்து வைக்கச் சொன்னார். அது அவர் கடைதான், அலமாரி பின்னாலேயே இருந்தது. ஆனாலும் கம்ப்யூட்டரில் பார்த்துதான் எடுத்தேன் என்று அவர் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

கடையின் பின்படியில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து ஜிகர்தண்டா குடித்தோம். நான் கேட்காமலே அவர் சொன்னார். பத்து வயதில் அப்பா பட்டறையில், சிவப்புத் தொட்டிக்குப் போக வேண்டிய நூல் கட்டை எடுத்துவந்து பச்சைத் தொட்டியில் முக்கிவிட்டாராம். ஒரு வீட்டுக் கல்யாணத்துக்குப் போக வேண்டிய சேலைகள். அப்பா அடிக்கவில்லை. இரண்டு கட்டு நூலை முன்னால் வைத்து எது சிவப்பு என்று கேட்டாராம், நாலு தடவை. நாலு தடவையும் தப்பு. நீ போய்ப் படி, பட்டறைப் பக்கம் வராதே என்று மட்டும் சொன்னாராம்.

“செவப்பு, பச்சை, கருப்பு எல்லாம் என் கண்ணுக்கு ஒண்ணுபோலத்தான். அதான் படிச்சேன். நம்பர்ல செவப்பு இருக்கு தங்கச்சி. சி சின்னு எழுதுனா அது செவப்பு. யாரும் வந்து இல்லங்க முடியாது.” டம்ளரின் அடியில் ஒட்டியிருந்த கடல்பாசியைச் சுரண்டினார். “சாருக்குத் தெரிஞ்சா நாளைக்கே மில்லுக்கு அனுப்பிருவாரு.”

நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். ஆனால் சார் ஒன்றும் அவ்வளவு மந்தம் இல்லை. மறுநாள் காலை அவர் மேஜைக்கு முன்னால் அண்ணனைக் கூப்பிட்டு நிறுத்தினார். கருப்பை ஏன் சிவப்பு என்று சொன்னாய் என்று கேட்டார். அண்ணன் பதில் யோசிப்பதற்குள், மேஜையில் இருந்த இரண்டு ஃபைல்களில் ஒன்றை எடுத்து நீட்டினார். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. நீட்டியது சிவப்பு.

“இது என்ன கலரு, சொல்லு பாப்போம்.”

அண்ணன் ஃபைலைப் பார்த்தார். நான் அவர் கழுத்துக்குப் பின்னால் என் சீட்டில் இருந்தேன். அந்தக் கழுத்தில் வேர்வை இறங்குவது தெரிந்தது. பத்து வயதுப் பையனாக அப்பா முன்னால் நின்றபோதும் இப்படித்தான் நின்றிருப்பார் என்று தோன்றியதும், என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“அண்ணே, கேக்க மறந்துட்டேன். அந்த ஹேஷ் சி சி ஜீரோ ஜீரோ ஜீரோ ஜீரோ வேலை முடிஞ்சிருச்சா?”

சார் என் பக்கம் திரும்பி, நடுவில் பேசாதே என்றார். இணையதளம் செய்யும் ஆபீஸை நாலு வருஷம் நடத்தியும் அந்த ஆறெழுத்தைக் கற்றுக்கொள்ளாத முதலாளியைக் கொடுத்த மீனாட்சிக்கு நான் மனதுக்குள் கும்பிடு போட்டேன்.

அண்ணன் முதுகு நிமிர்ந்தது. “செவப்பு சார்” என்றார். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. “ஆனா வெயில்ல வெளுத்திருக்கு. சி சியெல்லாம் இல்ல, பி பி சொல்லலாம்.”

சார் ஃபைலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். ரைஸ் மில்லுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக அன்றைக்கே போன் பேசினார். அண்ணன் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். எனக்கு நன்றியெல்லாம் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் கம்ப்யூட்டரில் தப்பாக ஐந்தெழுத்து அடித்தேன். “ஒண்ணு கொறையுது, பரவால்ல தங்கச்சி, நானே போட்டுக்கிறேன்” என்று வந்தது.

அந்த வருஷம் சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஆபீஸிலிருந்து சேர்ந்து போனோம். அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி இறங்குகிறாரோ அதை வைத்துத்தான் மதுரைக்கு அந்த வருஷம் எப்படி என்று சொல்வார்கள். பச்சை என்றால் மழையும் விளைச்சலும். விடிகிற நேரத்தில் வைகைக் கரையில் தலைக்கு மேல் தலையாக நின்ற கூட்டம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது, என்ன பட்டு, என்ன பட்டு என்று. பிறந்ததிலிருந்து இந்தக் கூட்டத்தில் நிற்கும் ஹேஷ் அண்ணன், இத்தனை வருஷமும் கூட்டம் கத்துவதைக் கேட்டுத்தான் தானும் கத்தியிருக்கிறார்.

குதிரை மேல் அழகர் தெரிந்தார். பச்சை, பச்சை என்று கரை முழுக்கச் சத்தம் எழுந்தது. அண்ணன் கத்தவில்லை. எக்கி நின்று பார்த்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டார்.

“நம்பர் சொல்லு தங்கச்சி.”

நான் அழகரை நன்றாகப் பார்த்தேன். விடியல் வெளிச்சம், தீவட்டி வெளிச்சம், பட்டின் பளபளப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்துச் சொன்னேன். “ஹேஷ் ஜீரோ ஜீரோ எட்டு ஜீரோ ஜீரோ ஜீரோ.”

அவர் உதடு அசைந்தது. “மொதத் தொட்டி காலி. நடுத் தொட்டி பாதி. கடைசி காலி.” பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். “போதும் தங்கச்சி. பாத்துட்டேன்.”

அந்த ஆபீஸ் இப்போது இல்லை. அண்ணன் ஓசூரில் மகளோடு இருக்கிறார். ஒவ்வொரு வருஷமும் அழகர் ஆற்றில் இறங்கிய அடுத்த நிமிஷம் நான் கரையில் நின்றுகொண்டே அவருக்குப் போன் போடுவேன். அவர் வீட்டு டிவியில் அதே அழகர் ஓடிக்கொண்டிருக்கும். பட்டின் பெயரை அறிவிப்பாளர் பத்து தடவை சொல்லியிருப்பார். ஆனாலும் முதல் மணியிலேயே போனை எடுத்துவிட்டு, ஹலோகூடச் சொல்லாமல் காத்திருப்பார். நான் ஆறெழுத்தைச் சொல்வேன். அந்தப் பக்கம் மூன்று தொட்டியும் நிரம்புகிற அளவுக்குக் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம், “பாத்துட்டேன் தங்கச்சி” என்பார். அதைக் கேட்ட பிறகுதான் நான் அழகரைக் கும்பிடுவேன்.